கச்சானிலும் மாரியிலும் பவளத் தொட்டித் தண்ணீர்: கேள்வி பதில்

கல்முனையிலிருந்து: அண்ணன், 200 லீற்றர் தொட்டி. பங்குனியில உப்பு 35 பிபிரி (ஆயிரத்துக்கு 35 பங்கு). ஆடியில 37 காட்டுது. தண்ணி மட்டம் குறையவே இல்ல, உப்பும் நான் போடல்ல.

மட்டம் குறையாமல் உப்பு ஏறினால் நீங்கள் ஊற்றி நிரப்பியது கடல்தண்ணீராகத்தான் இருக்கும் தம்பி. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே கிடக்கும். அதனால் நிரப்புவதற்கு ஆர்.ஓ. தண்ணீர்தான் (உப்பு நீக்கி வடித்த தண்ணீர்) வேண்டும், கிணற்றுத் தண்ணீரும் சரிவராது. காற்றாடி பூட்டிய இந்த அளவுத் தொட்டியில் கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் நாளில் 3, 4 லீற்றர் போகும். 8 லீற்றர் குறைந்தாலே 35 என்பது 36.5 ஆகிவிடும்.

மறுகா, அளவு வைத்து ஊற்றாதீர்கள், கோடு வைத்து ஊற்றுங்கள். சம்ப் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இருந்தால், தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பு நிற்கிற அறையில் ரேப் துண்டு ஒட்டுங்கள். மட்டம் இறங்குவது அங்கேதான் தெரியும், மேல் தொட்டியில் தெரியாது. ஆடியில் ஊற்றிய 4 லீற்றரையே கார்த்திகையிலும் ஊற்றுகிறவர்களுக்கு உப்பு 32க்கு இறங்கும். தானாக நிரப்ப மிதவை வால்வு பூட்டுவதென்றால் ஆர்.ஓ. தண்ணீர் வாளி 10 லீற்றருக்கு மேல் வேண்டாம். வால்வு திறந்தபடி இறுகிய அன்று வாளி முழுக்கத் தொட்டிக்குள் இறங்கிவிடும்.

இப்போதைய 37ஐ இறக்க: 11 லீற்றர் உப்புத் தண்ணீரை எடுத்து அதே அளவு ஆர்.ஓ. விட வேண்டும். மூன்று நாளில் பிரித்துச் செய்யுங்கள்.

காத்தான்குடியிலிருந்து: ரிப்ராக்டோமீற்றர் (உப்பு அளக்கிற மீற்றர்) ஆர்.ஓ. தண்ணியில பூச்சியம் காட்டுது. ஆனாலும் கூட்டாளிட மீற்றரோட 2 வித்தியாசம்.

பூச்சியத்தில் சரியான மீற்றர் 35இல் பிழைக்கலாம். அயடின் சேராத உப்பு 36.5 கிராம், ஆர்.ஓ. தண்ணீர் 963.5 கிராம், இரண்டையும் தராசில் நிறுத்துக் கலக்குங்கள். அந்தத் தண்ணீர் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகாணியை அதிலேயே திருப்பி வையுங்கள்.

ஏறாவூரிலிருந்து: கே.எச். (காரத்தன்மை) 6.5. அப்பச்சோடா போடலாமா? கல்சியமும் லீற்றருக்கு 380 மி.கி.க்கு மேல ஏறுதில்ல.

போடலாம். கடையில் பேக்கிங் பவுடரைத் தந்துவிடுவார்கள், கவனம். அதில் அமிலம் கலந்திருக்கும். 100 லீற்றருக்கு 3 கிராம் சோடா போட்டால் 1 டி.கே.எச். (கே.எச். அளக்கும் அலகு) ஏறும். 200 லீற்றர்த் தொட்டியில் கல்லும் மணலும் போக 170 லீற்றர்தான் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 6.5இலிருந்து 8க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 8 கிராம். அதை இரண்டு நாளில், நாலு நாலு கிராமாக, ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து ஓட்டம் கூடிய இடத்தில் மெல்ல விடுங்கள். அதன் பிறகு சோடா போடாமல் திங்களும் வியாழனும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். இறங்கியதை மூன்றால் பிரித்தால் ஒரு நாள் செலவு வரும். தினமும் அதை மட்டும் போட்டால் போதும். 8ஆ 9ஆ என்பது பெரிய விடயமில்லை. இன்றைக்கு 8, நாளன்றைக்கு 10 என்று ஆடினால்தான் கிளைப்பவளத்தின் நுனி வெளுக்கும்.

கல்சியம் ஏறாவிட்டால் முதலில் மகனீசியத்தைப் பாருங்கள். அது லீற்றருக்கு 1200 மி.கி.க்குக் கீழே இருந்தால் போடுகிற கல்சியமெல்லாம் சுண்ணாம்பாகிப் பம்பிலும் ஹீற்றரிலும் வெள்ளையாகப் படியும். 1300க்குக் கொண்டு வந்துவிட்டுக் கல்சியம் குளோரைட்டைத் தொடுங்கள். சோடாவையும் அதையும் ஒரே நேரத்தில் விட்டால் தொட்டி பால் மாதிரி ஆகும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து: வெத்திலச் சுண்ணாம்பு கரைச்சு விடலாமா?

வேண்டாம். எதைச் சுட்டது, என்ன கலந்தது என்று யாருக்கும் தெரியாது. உணவுத்தரக் கல்சியம் ஐதரொட்சைட்டு வாங்கி லீற்றருக்கு 1.5 கிராம் கரைத்து, தெளிந்த தண்ணீரை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். இரவில்தான் பி.எச். இறங்கும், அதற்கும் உதவும். 200 லீற்றருக்கு முதல் வாரம் நாளுக்கு 1 லீற்றருக்கு மேல் போகாதீர்கள். ஒரேயடியாக ஊற்றினால் பி.எச். பாய்ந்து ஏறி மீன் செத்துவிடும்.

கல்லடியிலிருந்து: கடல்தண்ணி எடுக்கிற காலம் எது?

மாசி தொடங்கி ஆவணி வரை. ஐப்பசியிலிருந்து தை வரை எடுக்காதீர்கள்: முகத்துவாரம் திறந்தால் வாவித் தண்ணீர் வயல் உரத்தோடு கடலில் விழும். எந்த மாதம் எடுத்தாலும் உப்பு அளந்து பார்த்துத்தான் தொட்டியில் விட வேண்டும்.

பாசிக்குடாவிலிருந்து: இங்க கரையில கிடக்கிற உயிர்ப் பவளத்த எடுத்து வைக்கலாமா?

எடுக்கக் கூடாது, சட்டப்படி தடை.