அம்மாவிடம் எப்போது சொல்வது?

கேள்வி: எனக்கு வயது 20. பெண்கள் மீதுதான் எனக்கு ஈர்ப்பு என்பது பள்ளிப் பருவத்திலேயே தெரிந்துவிட்டது. அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். அம்மா, அப்பாவிடமும் சொல்லிவிடு என்கிறாள். நான் நேசிப்பவளின் எண்ணை வேறு பெயரில் பதிந்து, சாப்பிடும்போதுகூடக் கைபேசியைக் கவிழ்த்தே வைக்கிறேன். பெற்றவர்களை ஏமாற்றுகிறேனோ என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை. எப்போது சொல்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை. படிப்புக்கும் இருப்பிடத்துக்கும் பெற்றோரையே நம்பியிருக்கும் ஒருவர், சொன்ன மறுநாள் தமக்கு என்ன நேருமோ என்று யோசித்துப் பொறுத்திருப்பதை நான் ஒருபோதும் பொய் என்று சொல்ல மாட்டேன். உங்கள் அக்காவின் அன்பு பெரிது. ஆனாலும் நாள் குறிக்க வேண்டியவர் நீங்கள்தான்; உங்கள் சம்மதமின்றி யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்பதை அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ஒருவரை நம்பிச் சொன்னது வேறொருவர் மூலம் வீட்டுக்குத் தெரியவரும்போது, பிள்ளைகள் தங்கள் சொற்களில் சொல்லும் வாய்ப்பையே இழந்துவிடுகிறார்கள்.

சண்டைக்கு நடுவே மட்டும் சொல்லாதீர்கள். அம்மா அழலாம், யார் உன்னைக் கெடுத்தது என்று கேட்கலாம், மருத்துவரிடம் போகலாம் என்றும் சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன என்பதை அப்போது நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள். மாற்றிக் காட்டுகிறேன் என்று எவர் அழைத்தாலும் போக வேண்டாம். அது பலனற்றது, மனத்தைக் காயப்படுத்துவது. உங்களை நீங்களே ஏற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதால், அம்மாவின் முதல் நாள் வார்த்தைகளையே அவருடைய முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வளரும் பருவத்தில் குடும்பத்தாரின் கடும் வெறுப்புக்கு ஆளான தன்பாலீர்ப்புள்ள இளைஞர்களிடையே தற்கொலை முயற்சி, அத்தகைய வெறுப்பைச் சந்திக்காதவர்களைக் காட்டிலும் 8 மடங்குக்கு மேல் இருந்தது. புரியவில்லை என்று சொல்லுங்கள், அவகாசம் கேளுங்கள். பிள்ளையை வீட்டைவிட்டுப் போகச் சொல்லாதீர்கள்.

சொல்லும் நாளில் அக்கா உங்களருகே இருக்கட்டும். நிலைமை கைமீறினால் அன்றிரவு யார் வீட்டில் தங்குவது என்பதையும், சான்றிதழ்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பதில் கிடைக்காதவரை, காத்திருங்கள்.