கம்பியில் நடந்தவள்

அன்புள்ள ஐயா,
1967இல் வந்த 'எல்விரா மடிகன்' படத்தை நேற்றிரவு பார்த்தேன். தூக்கமே வரவில்லை. ஒரு சர்க்கஸ்காரியும் ராணுவ அதிகாரியும் காதலுக்காகச் சேர்ந்து சாகிறார்கள், எவ்வளவு பெரிய விஷயம்! அதில் வரும் மொஸார்ட் இசைக்கு எந்தப் பதிவை வாங்கலாம்?

அன்புள்ள தம்பி,
எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். அந்த 21ஆம் பியானோ கான்செர்ட்டோவைக் கல்லூரி நாட்களில் ஒரு கேசட்டில் கேட்டேன். உறையில் எல்விரா மடிகன் பெயர் இருந்ததால், மொஸார்ட் அவளை நினைத்தே எழுதினார் என்று விடுதி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவர் எழுதியது 1785இல், நிஜமாகவே வாழ்ந்த அவள் பிறந்ததோ 1867இல். படத்தால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. ஆக, ஏமாந்தவர்கள் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்கிறேன், அந்த உரிமையில் திட்டுகிறேன்.

'சேர்ந்து சாகிறார்கள்' என்கிறீர்களே, சுட்டது யார்? சிக்ஸ்டன் ஸ்பாரே, சுவீடன் குதிரைப்படை லெப்டினன்ட், 34 வயது, மனைவி, இரண்டு குழந்தைகள், கழுத்துவரை கடன். 1889 ஜூலையில் டென்மார்க்கின் டோசிங்கே தீவுக் காட்டில் முதலில் அவளைச் சுட்டான், அப்புறம்தான் தன்னை. அவளுக்கு 21. சம்மதித்திருக்கலாம். ஆனால் தாயையும் தொழிலையும் விட்டு வந்து, ஓட்டல் பில் கட்டக் காசில்லாமல் நிற்கிற பெண் தருகிற சம்மதத்தைக் காதலின் உச்சம் என்று என்னால் சொல்ல முடியாது.

அதே வருடம் சுவீடனில் ஒருவர் பாட்டுக் கட்டிவிட்டார். நம் சந்தைகளில் விற்ற கொலைச்சிந்து மாதிரிதான், ஆனால் நம் ஆட்கள் கொன்றவனைக் கொன்றவன் என்றுதான் பாடுவார்கள். இவர்களுக்கோ அது காதல் காவியம். லாண்டெட் தேவாலயத்தில் அந்த இருவர் கல்லறைமேல் மணப்பெண்கள் பூச்செண்டு வைத்துவிட்டுப் போவதுண்டு. ஸ்பாரேவின் மனைவி பெயர் லூயிட்கார்ட். நீங்கள் தேடியே இருக்க மாட்டீர்கள்.

எனக்கு உறுத்துவது அந்தக் கம்பி. எல்விரா என்பது மேடைப்பெயர்; ஹெட்விக் யென்சன் என்ற அந்தப் பெண், மாற்றாந்தந்தையின் சர்க்கஸில் கிசெலா என்பவளோடு ஜோடியாகக் கம்பியில் ஆடியவள். வருடக்கணக்கில் உள்ளங்காலில் ஏறிய வித்தை. மே கடைசியில் ஓடிப்போனாள். மறுநாள் கூடாரத்தில் கிசெலா தனியாக என்ன செய்தாள் என்று ஒருவரும் பாடவில்லை.

கோபித்துக்கொள்ளாதீர்கள், படம் அழகுதான். அவள் கயிறு கட்டி நடந்து பார்க்கிற ஒரு இடம் வரும். மறுபடி பார்த்தால் அங்கே அவள் பாதத்தைக் கவனியுங்கள்.