கம்யூனிட்டி காலேஜிலிருந்து உயிர்மருத்துவ ஆராய்ச்சிப் படிப்புக்குப் போக முடியுமா?

மகள் கலிஃபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடம் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போகிற காலேஜ்) முதலாண்டு படிக்கிறாள், ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள், சொந்தக்காரர்களிடம் காலேஜ் பேரைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கூச்சத்தை விடுங்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்தெடுக்கும் போட்டியில் தனியார் அணியை நடத்திய கிரெய்க் வென்டர், காலேஜ் ஆஃப் சான் மடேயோ என்ற கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சான் டியேகோவுக்கு மாறியவர்தான். கலிஃபோர்னியாவாசிகளுக்குக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட் (பாட அளவு) 46 டாலர். யூசிக்கு மாற 60 செமஸ்டர் யூனிட் வேண்டும். கணக்குப் போட்டால் 2,760 டாலர். நம் ஆட்கள் இதை ஏன் மட்டமாகப் பேசுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

நான் இங்கே ஒரு பல்கலைக்கழக லேபில் மேனேஜர். மாறி வரும் பிள்ளைகளைப் பல வருடமாகப் பார்க்கிறேன். இடம் கிடைப்பது பெரிய சிக்கல் இல்லை. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய யூசி வளாகங்கள் ஆறிலும் நிபந்தனைகளை முடித்தவர்களுக்கு உத்தரவாதச் சேர்க்கை உண்டு, செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் அது கிடையாது. காலேஜின் எந்தப் பாடம் யூசியின் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் மேஜர் (முதன்மைப் பாடம்) வாரியாகப் பார்க்கலாம்.

மாறி வந்த பிறகுதான் சிக்கல். நான்காண்டு மாணவர் முதல் வருடம் ஊர் சுற்றி, இரண்டாம் வருடம் லேபைத் தேடி, மூன்றாம் வருடம் உருப்படியாக ஏதாவது செய்வார். மாறி வருகிறவருக்கு அந்த இரண்டு வருடம் இல்லை. மொத்தமே ஆறு குவார்ட்டர் (பருவம்). அதிலும் முதல் குவார்ட்டர் மூச்சுத் திணறலிலேயே போய்விடும். பதினாறு வார செமஸ்டருக்குப் பழகியவருக்கு இங்கே பத்து வாரம், நான்காவது வாரம் மிட்டெர்ம். காலேஜில் எல்லாம் ஏ வாங்கியவர்கள் கெமிஸ்ட்ரியில் சி வாங்கிவிட்டு என் அறையில் அழுதிருக்கிறார்கள். பிஎச்டி விண்ணப்பமோ கடைசி வருடம் டிசம்பரிலேயே போயாக வேண்டும். அப்போது பரிந்துரைக் கடிதம் எழுதுகிற பேராசிரியருக்கு உங்கள் மகளை ஒரு வருடமாவது தெரிந்திருக்க வேண்டாமா?

அதனால் பிப்பெட் (திரவம் அளக்கும் குழாய்) பிடிப்பது, அதாவது லேப் வேலை, மாறுவதற்கு முன்பே நடக்க வேண்டும், முடிந்தால் இந்தக் கோடையிலேயே. என்ஐஎச் என்ற அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் நிதியில் 'பிரிட்ஜஸ் டு தி பாக்கலோரியட்' என்று இதற்காகவே ஒரு திட்டம் 1990களிலிருந்து இருந்தது. 2025இல் இந்த வகைப் பயிற்சித் திட்டங்கள் பலவற்றுக்கு நிதி போய்விட்டது, எனக்கு அதில் இன்னும் ஆற்றாமை உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயு என்ற இளநிலை மாணவர் ஆராய்ச்சிக் கோடைத் திட்டங்களில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களும் சேரலாம், உதவித்தொகையும் உண்டு. ஆனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும்.

இன்னொன்று. பொதுப்பாடங்களை முதலில் முடி, சயின்ஸ் அப்புறம் பார்க்கலாம் என்று ஆலோசகர் சொன்னால் கேட்காதீர்கள். கெமிஸ்ட்ரி சங்கிலி ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுக்க முடியும். தள்ளிப்போட்டால் ஒரு வருடம் கூடிவிடும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் தொடங்கினால் அதே காலேஜில் முழுதாக முடிக்கட்டும். பாதி அங்கே பாதி இங்கே என்றால் செமஸ்டரும் குவார்ட்டரும் பொருந்தாமல் நடுவில் ஓட்டை விழும்.

எங்களிடம் வந்த ஒரு பையன் இரவில் கிடங்கு வேலை பார்த்தான். சம்பளமில்லாமல் லேபில் நிற்க அவனால் முடியாது. குடுவை கழுவி, பிப்பெட் முனைகளின் பெட்டி அடுக்கி, ஆட்டோகிளேவ் (கிருமிநீக்க இயந்திரம்) போடுகிற மணிக்கூலி வேலை கொடுத்தோம். மூன்று மாதத்தில் செல் வளர்ப்பைத் தானே பார்த்துக்கொண்டான்.

மகளை அருகிலுள்ள லேப்களுக்கு மெயில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து வரி போதும்: அந்த லேபின் எந்தக் கட்டுரையைப் படித்தாள், அதில் எது புரியவில்லை, வாரத்தில் எந்த நாள் எத்தனை மணி நேரம் வர முடியும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் மறுபடி அனுப்பட்டும். அந்தப் பையன் எழுதியதில் எங்கள் பேராசிரியர் கண்ணில் பட்டது மூன்றாவது மெயில்தான்.