கூடத்தில் நிற்கும் குதிரை

கேள்வி: மூன்று வருடங்களாக ஒரே கனவு அடிக்கடி வருகிறது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு குதிரை நிற்கிறது. கடிப்பதில்லை, உதைப்பதில்லை, சும்மா நிற்கிறது. அதை எப்படி வெளியே அனுப்புவது என்று தெரியாமல் தவிக்கிறேன். நிஜத்தில் நான் ஒரு குதிரையைத் தொட்டதுகூட இல்லை. கனவுப் பலன் பார்த்தால் ஒன்றில் வெற்றி என்றிருக்கிறது, இன்னொன்றில் இழப்பு என்றிருக்கிறது. கனவை நோட்டில் எழுதியும் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அதில் இரண்டு பக்கங்களை அனுப்பியிருக்கிறேன். குதிரைக்கு என்ன அர்த்தம்? அது தெரிந்துவிட்டால் கனவு நின்றுவிடுமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

பதில்: உங்கள் பக்கங்களை இரண்டு முறை படித்தேன். அநேகமாக எல்லா நாளும் ஒரே வரிதான்: "இன்றும் குதிரை வந்தது. பயமாக இருந்தது." ஆனால் ஓரிடத்தில், பக்க ஓரமாகப் பொடி எழுத்தில், "இன்று அதன் கால்கள் ஈரமாக இருந்தன. தரை பாழாகிவிடுமே என்று துணி எடுக்கப் போனேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மற்ற எல்லா வரிகளையும்விட இதுதான் முக்கியமாகப் படுகிறது. அன்றைக்குக் குதிரையை விரட்டும் எண்ணமே உங்களுக்கு வரவில்லை. வீட்டைப் பார்த்துக்கொள்ளக் கிளம்பிவிட்டீர்கள்.

குதிரைக்கென்று எல்லோருக்கும் பொதுவான அர்த்தம் ஒன்று இருப்பதாக நான் நம்பவில்லை. பந்தயத்தில் பணத்தைத் தொலைத்தவருக்கும், சிறுவயதில் குதிரையிலிருந்து விழுந்தவருக்கும், படத்தில் மட்டுமே பார்த்தவருக்கும் ஒரே பலன் எப்படிப் பொருந்தும்? கனவுகளை முறையாக ஆராய்ந்தவர்களும் எந்த விலங்கு வந்தது என்பதோடு நிற்கவில்லை. 1966-இல் கால்வின் ஹால், ராபர்ட் வான் டி கேஸில் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கனவுகளைப் பகுத்துப் பார்க்க ஒரு முறையை வகுத்தார்கள். யார் வந்தார்கள் என்பது அதில் ஒரு பகுதிதான். யார் யாரிடம் எப்படி நடந்துகொண்டார்கள், சண்டையா நட்பா, என்ன உணர்ச்சி, எந்த இடம் என்பதையெல்லாம் தனித்தனியாகக் குறிப்பார்கள். உங்கள் நோட்டில் யார் வந்தார்கள் என்பது இருக்கிறது, மற்றவை இல்லை. பிடிபடாமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி இப்படி எழுதிப் பாருங்கள். விழித்ததும் உடனே எழுந்துவிடாமல், கண்ணை மூடியபடி கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போங்கள். கனவின் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே கலைந்துவிடும். அதனால் நோட்டும் பேனாவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். செல்போனில் எழுத வேண்டாம், அதை எடுத்ததும் நாலு செய்தி கண்ணில் பட்டுக் கனவு போய்விடும். நடந்துகொண்டிருப்பதைப் போலவே எழுதுங்கள்: "குதிரை ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறது. நான் சுவரோரமாக நகர்கிறேன். அது மூச்சு விடுவது கேட்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது." 'பயம்' என்று எழுதக் கை போகும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, அது பயம்தானா என்று பாருங்கள். சங்கடம், எரிச்சல், பரிதாபம், பொறுப்பு எல்லாமே அவசரத்தில் பயம் என்ற பெயரில் நோட்டில் ஏறிவிடும்.

அப்புறம், கனவுக்கு முந்தைய நாள். இந்தப் பகுதியை நீங்கள் எழுதவே இல்லை. பெரிய சம்பவம் எதையும் தேட வேண்டாம். யாரோடு பேசினீர்கள், எதைச் சொல்ல வந்து விழுங்கினீர்கள், எந்த வேலையைத் தள்ளிப்போட்டீர்கள் என்று இரண்டு மூன்று வரி போதும். ஈரக்கால் கனவுக்கு முந்தைய நாள் என்ன நடந்தது என்று உங்களுக்கு இன்னும் நினைவிருந்தால், அதை இன்றே எழுதி வைத்துவிடுங்கள்.

மனநல மருத்துவர் கார்ல் யுங் ஒரு நல்ல வழி சொல்லியிருக்கிறார். கனவில் ஒரு பொருள் வந்தால், அது என்னவென்றே தெரியாத ஒருவருக்கு விளக்குவதுபோல அதைச் சொல்லச் சொல்வார். நீங்களும் ஒரு பக்கத்தை ஒதுக்கி, குதிரையைக் கேள்விப்பட்டே இராத ஒருவருக்கு அதை விவரித்துப் பாருங்கள். 'பெரியது, பலமானது, ஆனாலும் யாரோ இழுக்கும் பக்கம் போகிறது' என்று எழுதுவீர்களோ, 'நின்றுகொண்டே தூங்கும்' என்று எழுதுவீர்களோ, எனக்குத் தெரியாது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்து, வீட்டில் இப்படி யார் இருக்கிறார்கள், என் வாழ்க்கையில் எது இப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அது நீங்களாகவேகூட இருக்கலாம். ஏதாவது ஒரு வரியில் மனம் சட்டென்று நிற்கும். அப்படி நிற்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், இழுத்துப் பிடித்து அர்த்தம் கட்ட வேண்டாம்.

ஒன்றிரண்டு மாதம் எழுதியபின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். திரும்பத் திரும்ப வருவதைவிட, மாறியிருப்பதைக் கவனியுங்கள். குதிரை கதவுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதா? நீங்கள் அதன் அருகே போயிருக்கிறீர்களா? அது மாறிய நாட்களில் பகலில் என்ன நடந்தது? இந்தக் கேள்விகளுக்குக் கிடைக்கும் பதில் வேறு யாருக்கும் பொருந்தாது, உங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அர்த்தம் என்று நான் சொல்வது அதைத்தான்.

கனவு நின்றுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். பகலில் உறுத்திக்கொண்டிருந்த விஷயம் தீர்ந்ததும் சிலருக்குக் கனவு தானாகக் குறைகிறது, எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. கனவு நிற்க வேண்டும் என்பதற்காக எழுதாதீர்கள். தொந்தரவு அதிகமானால், பகலில் அதே கனவை உங்களுக்குப் பிடித்த முடிவோடு எழுதி, தினமும் கொஞ்ச நேரம் மனதில் ஓட்டிப் பாருங்கள். கெட்ட கனவுகளுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளர்கள் கையாளும் முறை இது. ஆனால் நிஜத்தில் நடந்த கொடுமை ஒன்று கனவாகத் திரும்ப வந்தால், தனியாக உட்கார்ந்து அதைச் செய்யாதீர்கள், ஆலோசகர் உடன் இருக்கட்டும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் மனச்சோர்வுக்கான மாத்திரைகளும் கனவுகளைத் தீவிரமாக்கக்கூடும். அப்படி எதுவும் சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தூக்கத்தில் கத்துவது, கையைக் காலை வீசுவது இருந்தாலும் அவரிடம் காட்டிவிடுங்கள்.