கதையைக் காட்ட ஆளில்லை, எழுதும் நண்பர்களை எப்படிச் சேர்ப்பது?

பாளையங்கோட்டையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் வேண்டாம், நாலு பேர் போதும். நம்மூரில் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார்) நடத்திய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கியக் கூட்டத்தில் பாட்டைப் படித்து ரசிப்பதுதான் முக்கிய வேலை. உங்களுக்கும் முதலில் அந்த ரசனை பழகட்டும். இடைசெவலில் 1923இல் பிறந்த எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் (கி.ரா.) கு. அழகிரிசாமியும் சிறுவயதுக் கூட்டாளிகள். இருவருக்குமே சாகித்திய அகாதெமி விருது. ஒரு சின்னக் கரிசல் கிராமம், பாருங்கள்!

எங்கள் எழுத்துக் குழுவின் வழக்கம் இது: மாதம் ஒரு ஞாயிறு, ஒருவர் வாசிப்பார், முடியும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. ‘நல்லாருக்கு’ என்றால் செல்லாது. எந்த வரி, ஏன் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை என் கடைசிப் பத்தியை வெட்டச் சொன்னார்கள். இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை, பிறகு வெட்டினேன். டீச்செலவு மட்டும் வாசிக்கிறவர் தலையில் விழாது.