கியர் நாப்: மரம் வீட்டில் இருக்கிறது, மரை பொருந்த வேண்டுமே!

கேள்வி: என்னுடையது மேனுவல் கியர் கார். கியர் தண்டின் தலையில் இருக்கும் பிடியான நாப்பின் மேலுறை பிசுபிசுத்து உரிகிறது. ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்த மர நாப் ஒன்றை ஆன்லைனில் 850 ரூபாய்க்கு வாங்கினேன். பக்கவாட்டில் மூன்று குட்டி ஸ்க்ரூ. எத்தனை முறை முடுக்கினாலும் ஆடுகிறது. பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்கு உத்திரத் துண்டு இருக்கிறது. கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாமா? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் பட்டறைக்குப் போகும் முன் போல்ட் நட் கடைக்குப் போங்கள். நாப் ஆடாமல் நிற்பது உள்ளே இருக்கும் மரையை, அதாவது திருகுச் சுற்றுகளைப் பொறுத்தது. ஹோண்டா கார்களில் பெரும்பாலும் தண்டு 10 மி.மீ., மரைச் சுற்றுகளின் இடைவெளி 1.5 மி.மீ.; டொயோட்டாவில் தண்டு 12 மி.மீ., இடைவெளி 1.25 மி.மீ. ‘எல்லா காருக்கும்’ ஒரே நாப் எப்படிப் பொருந்தும்? அதனால்தான் அந்தக் குட்டி ஸ்க்ரூக்கள்.

காரோடு வந்த நாப்பை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றி, கையோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். 8, 10, 12 மி.மீ. போல்ட்டுகளை ஒவ்வொன்றாக அதன் துளையில் விட்டுப் பாருங்கள். சரியான போல்ட், விரலால் திருகியே அடிவரை இறங்கும். இரண்டு சுற்றில் இறுகினால் மரை வேறு. ஸ்பேனர் போட்டு அழுத்த வேண்டாம். அதே அவசரத்தை கியர் தண்டில் காட்டினால் தண்டின் மரையே போய்விடும், செலவு நாப்போடு நிற்காது.

திருகினால் கழலாமல் இழுத்தால் வருகிற சொருகு வகை என்றால், மர ஆசையை விட்டுவிட்டு கம்பெனி நாப்பையே வாங்குங்கள் என்பேன். பல ஹூண்டாய் கார்களில் ரிவர்ஸ் போட நாப்புக்குக் கீழே ஒரு வளையத்தைத் தூக்க வேண்டும். உங்கள் காரும் அப்படியென்றால், அந்த வளையம் ஏறி இறங்க இடம்விட்டே நாப்பின் அடிப்பகுதியைக் கடையச் சொல்லுங்கள்.

மரத்தில் நேரடியாக மரை வெட்டச் சொல்லாதீர்கள், சீக்கிரம் தேய்ந்துவிடும். உங்கள் அளவில் ஆறு பக்கமுள்ள நீள நட் ஒன்றை, பித்தளையில் கிடைத்தால் நல்லது, வாங்கிக் கொடுங்கள். அதன் வெளிப்பக்கத்தை அரத்தால் சொரசொரப்பாக்கி, இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸி பசையால் துளைக்குள் பதித்து ஒரு நாள் விட வேண்டும். பசை உள்ளே வழியாமலிருக்க, கிரீஸ் தடவிய போல்ட்டை நட்டில் மாட்டியே பதிக்கச் சொல்லுங்கள். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. துளையைத் தின்னரால் துடைத்த பிறகு ஒட்டினால்தான் பிடிக்கும்.

உத்திரத் தேக்கு அருமையான தேர்வு. பல வருடம் காய்ந்த மரம் என்பதால் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் எளிதில் வெடிக்காது. பழைய ஆணி உள்ளே இருந்தால் உளி உடையும், அதை முன்பே சொல்லிவிடுங்கள். நடுத்தண்டுப் பகுதியைத் தவிர்த்து, ரேகை மேலும் கீழுமாக ஓடும்படி துண்டு எடுக்கட்டும். விட்டம் 45 முதல் 50 மி.மீ. இருந்தால் உள்ளங்கைக்கு அடக்கமாக இருக்கும். மரம் லேசானது, கியர் சரியாக விழுமா என்ற பயம் வேண்டாம். எடையைக் குறைப்பதற்காகவே போர்ஷே 917 பந்தயக் காரில் பால்சா மரத்தில் நாப் வைத்தார்கள்! கண்ணாடிபோல் மினுங்கும் வார்னிஷ் வியர்வைக் கையில் வழுக்கும். ஆளி விதை எண்ணெயை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை பூசிக் காயவிட்டாலே போதும்.

இனி அந்த 850 ரூபாய். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. ‘எல்லா காருக்கும் பொருந்தும்’ என்ற வாசகத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நாப் ஆடுவதை வீடியோ பிடித்து, பில்லோடு சேர்த்து எழுத்து மூலம் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.