ஜன்னலுக்கு மேலே நான்கு அங்குலம்

அன்புள்ள ஐயா,

நார்வே நாட்டு மரக்குடில்களைக் காணொளிகளில் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. கொடைக்கானலுக்குக் கீழே கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கு நிற்கும் தைல மரங்களை வெட்டி, மூன்று மாத விடுப்பில் என் கையாலேயே ஒரு குடில் கட்ட நினைக்கிறேன். முதலில் கட்டடக் கலையைப் படிப்பதா, தச்சு வேலையையா? வரைபடம் போட எந்த மென்பொருள் நல்லது?

ர.

அன்புள்ள ர.,

மென்பொருள் எனக்குத் தெரியாது. மரம் வெட்ட அனுமதி வேண்டுமா என்று வனத்துறையில் கேளுங்கள். என்னை எழுத உட்கார வைத்தது அந்த 'மூன்று மாதம்'தான். போன வாரம் எங்கள் வீட்டுக் கதவுக்கு வண்ணம் பூச வந்தவர், நடுப்பலகையின் ஓரத்து இடுக்கை மக்கு வைத்து அடைத்துவிடட்டுமா என்று கேட்டார். அதே அவசரம்.

தக்கலைப் பக்கம் அப்பா வீடு கட்டியபோது எனக்குப் பதினாறு வயது. கதவுக்கு அறுத்த அயினிப் பலகைகளை ஆசாரி, நடுநடுவே கட்டைத்துண்டு கொடுத்து, ஒரு வருடம் நிழலில் அடுக்கி வைத்துவிட்டார். அப்பா கெஞ்சியும் பார்த்தார், கத்தியும் பார்த்தார். பிறகு ஒரு கார்த்திகையில் ஆசாரி கதவுச் சட்டத்தில் காடி எடுத்து, அதாவது பள்ளம் செதுக்கி, பலகையை அதற்குள் இறக்கினார். பசை இல்லை, ஆணி இல்லை. தள்ளினால் ஒரு நூல் ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. அவர் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு பக்கமும் ஆணி அடித்துவிட்டேன். வந்து பார்த்தவர் திட்டவில்லை. "பங்குனியில் பார் தம்பி" என்றார்.

பங்குனியில் பலகை மேலிருந்து கீழாகப் பிளந்திருந்தது. வேறு பலகை போட்டார். கோடை வந்தால் இன்றும் அதன் ஓரத்தில் வண்ணம் படாத வெளிர்க்கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். ஐப்பசியில் மறைந்துவிடும்.

மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். குடிலில் கட்டைகளைப் படுக்கவைத்துத்தானே அடுக்கப்போகிறீர்கள்? பச்சைக் கட்டையில் எழுப்பிய 8 அடிச் சுவர் காயக் காய 4 அங்குலம்கூட இறங்கும். நட்டுக்குத்தாக நிற்கும் ஜன்னல்கால் இறங்காது. இடம் விடாவிட்டால் மொத்தச் சுவரும் ஜன்னல்மேல் உட்காரும். அதனால்தான் நார்வேத் தச்சர்கள் ஜன்னலுக்கு மேலே இடைவெளி விட்டு, ஒரு பலகையால் மறைக்கிறார்கள். காணொளியில் உங்களுக்குத் தெரிந்தது அந்தப் பலகை மட்டும். ஒவ்வொரு கட்டையின் அடிவயிற்றையும் கீழ்க்கட்டையின் முதுகுக்கு ஏற்பக் குடைந்து, நடுவே பாசி திணிப்பார்கள். ஆணியை நம்பிய வேலை இல்லை. பிரித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் அடுக்கலாம். நார்வேயின் லில்லிஹாம்மர் ஊரில் ஆண்டர்ஸ் சான்விக் என்பவர் அப்படித்தான் கிராமத்துப் பழைய வீடுகளைச் சேர்த்தார். 1904 முதல் அவை மைஹாவ்கன் அருங்காட்சியகத்தில் நிற்கின்றன. அவர் பல் மருத்துவர். பிடுங்கியதைத் திரும்ப நட முடியாத தொழிலின் ஏக்கமோ என்னவோ.

தைல மரம் காயும்போது முறுக்கும், வெடிக்கும். அதைப் பச்சையாக வெட்டி உடனே சுவர் எழுப்புவது அசட்டுத்தனம், வேறு சொல் இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்; நான் ஆணி அடித்தவன். இந்த விடுப்பில் பட்டையை உரித்து, முனைகளில் மெழுகு பூசி, நிழலில் அடுக்குங்கள். அதற்கே மூன்று மாதமும் சரியாகிவிடும்.

படிப்பைப் பற்றியும் ஏதோ கேட்டிருந்தீர்கள். தக்கலைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், பேசுவோம். பங்குனியில் வாருங்கள், அப்போதுதான் கோடு தெரியும். மக்கு வைக்க விடவில்லை.